அபூரிமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பெருவுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி மச்சு பிச்சு பார்த்தாயா என்பதுதான். பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. 2024 முதல் அங்கே நாளொன்றுக்கு 4,500 பேர் வரை உள்ளே விடுகிறார்கள். கூட்டம் அலைமோதும் நாட்களில் 5,600. அந்த வரிசையில் நானும் நகர்ந்தேன், எல்லோரும் படம் எடுக்கும் மேட்டில் நின்று எல்லோரும் எடுக்கும் படத்தை எடுத்தேன், பஸ் பிடித்துக் கீழே வந்தேன். இந்தப் பதிவு அதைப் பற்றியது இல்லை. அதற்கு முந்தைய வாரம் நடந்தே போய்ச் சேர்ந்த சோக்கெகிராவ் பற்றியது, ஸ்பானியர் வருமுன் இந்த மலைகளை ஆண்ட இன்காக்களின் பழைய ஊர்.

பயண நிறுவனங்கள் இதை மச்சு பிச்சுவின் சகோதரி என்று சொல்லி விற்கின்றன. வயதைப் பார்த்தால் தங்கை. மச்சு பிச்சுவில் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆள் நடமாட்டம் இருந்தது என்று எலும்புகளைக் காலக்கணிப்பு செய்து சொல்கிறார்கள். சோக்கெகிராவ் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், பச்சக்குட்டி என்ற பேரரசன் காலத்திலோ அவன் மகன் தூப்பாக் இன்கா யுப்பான்கி காலத்திலோ எழுந்தது. இரண்டும் மலைமுகட்டில் இருக்கின்றன, இரண்டிலும் அடுக்கு வயல்கள், கோயில், நீர்க்கால்கள். ஆனால் மச்சு பிச்சுவின் அடிவாரம் வரை ரயில் போகிறது. சோக்கெகிராவுக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, ஜீப் போகும் மண்பாதைகூட இல்லை. குறுக்கே அபூரிமாக் ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு. ஊர்களைவிட இந்த ஆறுதான் என் மனதில் அதிகம் நிற்கிறது. சோக்கெகிராவின் கடந்த இருநூறு வருஷக் கதையே, அந்த ஆற்றை யார், எப்படி, எதற்காகக் கடந்தார்கள் என்ற கதைதான்.

இன்காக்களின் தலைநகரமாக இருந்த குஸ்கோவிலிருந்து அபன்காய் போகும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய நான்கு மணி நேர ஓட்டம். நடை தொடங்கும் ஊரான கச்சோராவுக்குத் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்விதே என்ற இடம் இருக்கிறது. அங்கே ஒரு பாறை. பெரிய முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி கிடக்கிறது. மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னப் படிகள், குளங்கள், வாய்க்கால்கள், பூமா, பாம்பு, தவளை, நண்டு என்று இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள். பல உருவங்களின் தலையை யாரோ உடைத்திருக்கிறார்கள். இது எதற்காகச் செதுக்கப்பட்டது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நீர் எப்படி ஓடும் என்று பார்க்கச் செய்த மாதிரி வடிவம் என்கிறார்கள் சிலர், வழிபாட்டுக் கல் என்கிறார்கள் சிலர். எங்கள் வழிகாட்டி தன் குடுவையிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் காற்றில் ஊற்றுவது போலச் சைகை செய்து (கல்லின் மேல் ஊற்ற அனுமதி இல்லை), "இங்கே ஊற்றினால் அங்கே வெளியே வரும்" என்று விரலால் பாதை போட்டுக் காட்டினார். அவர் கச்சோராக்காரர். கெச்சுவா வீட்டு மொழி, ஸ்பானிஷ் பள்ளி மொழி, ஆங்கிலம் பிழைப்பு மொழி. மூன்றிலும் நகைச்சுவை வரும்.

குழு சின்னது. நானும் நண்பரும், பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, வழிகாட்டி, சமையல்காரர், கோவேறு கழுதைகளை ஓட்டிவரும் ஆரியேரோ ஒருவர். சாமான், கூடாரம், எரிவாயு சிலிண்டர், முட்டை அட்டை எல்லாம் கழுதை முதுகில். இன்கா பாதை என்று பிரபலமான மச்சு பிச்சு நடைவழியில் கழுதை கிடையாது, ஆட்கள்தான் சுமப்பார்கள். அவர்கள் சுமக்கும் எடைக்கு 2001இல் ஒரு சட்டமே வந்தது, அங்கே சோதனைச் சாவடியில் தராசு வைத்து நிறுக்கிறார்கள். இங்கே தராசுக்கு வேலை இல்லை. சுமை ஏற்றும்போது ஆரியேரோ முதலில் கழுதையின் கண்ணைத் தன் போர்வையால் மூடிக் கட்டினார். கண் மறைந்ததும் அது கல் போல நின்றுவிட்டது. கயிற்றை வயிற்றுக்கடியில் விட்டு, வலது முழங்காலைப் பக்கவாட்டில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து முடிச்சுப் போட்டார். போர்வையை எடுத்ததும் கழுதை ஒரு தடவை தலையை உதறிவிட்டு நடக்க ஆரம்பித்தது. எங்களுக்கு அவர் சொன்ன ஒரே விதி: கழுதை வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆண்டிஸ் மலை என்றதும் ஊரில் எல்லோரும் மூச்சுத் திணறலைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். இங்கே விஷயம் வேறு. குஸ்கோ நகரம் 3,400 மீட்டரில் இருக்கிறது. சோக்கெகிராவ் ஏறக்குறைய 3,050 மீட்டரில். போகிற இடம் கிளம்பின இடத்தைவிடத் தாழ்வு. கஷ்டம் நடுவில் இருக்கிறது. கபுலியோக் என்ற முனையில் 2,900 மீட்டரில் நிற்கிறீர்கள். எதிரே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, போக வேண்டிய மலை. நடுவில் கால் கிலோமீட்டரும் அரை கிலோமீட்டரும் இல்லை, ஏறக்குறைய 1,400 மீட்டர் செங்குத்து ஆழம். அடியில் ஒரு வெள்ளி நூல். அதுவரை இறங்கி, பாலத்தைக் கடந்து, திரும்ப அதே அளவு ஏற வேண்டும். பிறகு திரும்பி வரும்போது மறுபடியும். கச்சோராவிலிருந்து போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல், வழக்கமாக நான்கு நாள்.

பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. மேலே குளிர்காற்றும் பனிமூடிய பாத்ரேயோக் சிகரமும். ஒரு மணி நேரத்தில் ஸ்வெட்டர் பைக்குள் போய்விடும். அடுத்த ஒரு மணி நேரத்தில் கள்ளிச்செடிகள் தென்படும், வியர்வை வழியும். சிக்கிஸ்கா என்ற இடத்தில் சில குடிசைகள், மரநிழல், பழமரங்கள். அங்கே வந்து சேரும்போது வெயில் நம்மூர் வெயிலாகிவிட்டிருந்தது. திருப்பதி மலைக்கு நடந்து ஏறி, நடந்தே இறங்கினவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், வலி ஏறும்போது வருவதில்லை. இறங்கும்போது ஒவ்வொரு அடியும் முழங்காலில் போய் முட்டுகிறது. பெல்ஜியக்காரர் பாதி வழியிலேயே பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினார். கடி ஈக்கள் வேறு. கொசுவைவிடச் சின்னது, சத்தம் கிடையாது, கடித்த இடத்தில் ஒரு ரத்தப்பொட்டு மட்டும் வைத்துவிட்டுப் போகும். அரிப்பு மறுநாள்தான் தொடங்கும். ஒரு வாரம் இருக்கும். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கில் இறங்குவோரைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள்.

ஆற்றங்கரைக்கு பிளாயா ரோசலினா என்று பெயர். 1,500 மீட்டர் உயரம். மேலிருந்து நூல் போலத் தெரிந்த ஆறு பக்கத்தில் வந்தால் பேசுவதைக் கேட்கவிடாத இரைச்சல். சாம்பல் நிறத் தண்ணீர், வீடளவு பாறைகள். நீச்சல் தெரியும் என்று சொல்லிக்கொள்பவர்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்தபின் சொல்ல மாட்டார்கள். அமேசானின் மிகத் தொலைவான ஊற்றுகளைத் தேடிப் போனவர்களில் பலர் இந்த அபூரிமாக்கைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போனார்கள்.

இன்காக்களுக்குச் சக்கர வண்டி கிடையாது, குதிரை கிடையாது, இரும்பு கிடையாது. ஆனால் இந்த ஆற்றின் மேல் அவர்கள் பாலம் போட்டிருந்தார்கள், புல்லால். இச்சு என்ற மலைப்புல்லைத் திரித்துக் கயிறாக்கி, கயிறுகளைப் பின்னி வடமாக்கி, இரண்டு கரையிலும் கல்தூண்களில் கட்டித் தொங்கவிடுவார்கள். குஸ்கோவிலிருந்து போன பெரும்பாதை இதே அபூரிமாக்கை குராவாசிப் பக்கம் கடந்த இடத்தில் இருந்த புல்பாலம் 19ஆம் நூற்றாண்டிலும் பயன்பாட்டில் இருந்தது. அமெரிக்கப் பயணி எஃப்ரைம் ஸ்குவையர் அதில் நடந்து, படமும் வரைந்து வைத்திருக்கிறார். இதே ஆற்றின் மேல்பகுதியில் கெஸ்வாசாக்கா என்ற இடத்தில் இப்போதும் வருஷந்தோறும் ஜூன் மாதம் நான்கு கிராமத்தார் கூடிப் பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிது கட்டுகிறார்கள். அந்த அறிவை யுனெஸ்கோ 2013இல் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. புல்பாலத்தின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: யாராவது வருஷாவருஷம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுகிற அரசு விழுந்தால் பாலமும் விழும். ஊர் மறுகரையில் தனியாக நின்றுவிடும்.

சோக்கெகிராவுக்கு நடந்தது அதுதான். ஸ்பானியர் குஸ்கோவைப் பிடித்த பிறகு மான்கோ இன்கா என்ற அரசர் 1536இல் எதிர்த்துக் கிளம்பி, தோற்று, இந்த மலைகளுக்குப் பின்னாலிருக்கும் வில்கபாம்பா பகுதிக்குப் பின்வாங்கினார். அங்கே இன்கா ஆட்சி இன்னும் முப்பத்தைந்து வருஷம் தாக்குப்பிடித்தது. 1572இல் கடைசி அரசர் தூப்பாக் அமாருவைப் பிடித்துக் குஸ்கோ சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் ஆற்றைக் கடக்க அரசாங்கத்துக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

ஆனால் புதையல் தேடுகிறவர்களுக்கு இருந்தது. கடைசி இன்காக்கள் தங்கத்தை எல்லாம் கொண்டுபோய்ப் புதைத்த ஊர் இதுதான் என்ற நம்பிக்கை. 1834இல் எழேன் த சார்தீஜ் என்ற பிரெஞ்சுக்காரர் ஆற்றுப் பக்கம் வராமல், மறுபக்க மலைகளைச் சுற்றிக் காட்டை வெட்டிக்கொண்டு வந்தார். 1847இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர், லெயோன்ஸ் ஆங்ரான், வந்து வரைபடம் போட்டார். 1861இலும் 1885இலும் வந்தவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் கீறிவிட்டுப் போனார்கள். காதலர் பெயர் எழுதாத கோட்டைச் சுவர் நம்மூரில் இல்லை. அந்தப் பழக்கத்துக்கு நாடு, காலம் என்று எதுவும் கிடையாது போலிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபூரிமாக் மாகாண ஆளுநராக இருந்தவர் ஜே. ஜே. நூன்யெஸ். அவர் பணக்காரர்களைச் சேர்த்துப் புதையல் எடுக்க ஒரு கம்பெனியே தொடங்கினார். ஆற்றைக் கடக்க வேண்டும், யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் முப்பது வருஷமாக அந்த மலைகளில் தலைச்சுமையாகச் சரக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான சீன வியாபாரி, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப்போய் அக்கரை சேர்ந்தாராம். அந்தக் கயிற்றைப் பிடித்து, அதன் பின்னால் தந்திக் கம்பிகளை இழுத்து, ஒரு தொங்குபாலம் கட்டினார்கள். இதை எழுதிவைத்தவர் ஹிராம் பிங்காம். சீன வியாபாரியின் பெயரை அவர் எழுதவில்லை. பங்கு போட்ட கனவான்களின் பெயர்கள் எல்லாம் கிடைக்கின்றன. வழிகாட்டி பாலத்தடியில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "அவருக்கு எவ்வளவு கூலி கொடுத்திருப்பார்கள்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

பிங்காம் வந்தது 1909 பிப்ரவரியில், நல்ல மழைக்காலத்தில். யேல் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர், சிலி நாட்டில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர், அப்படியே பெருவைச் சுற்றிக்கொண்டிருந்தார். தொல்லியல் அவருக்குத் தெரியாது, அதை அவரே ஒப்புக்கொள்கிறார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால் இவருக்கு எல்லாம் தெரியும் என்று நூன்யெஸ் நம்பி வற்புறுத்தி அனுப்பினார். போன இடத்தில், இடிபாடுகளைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று பயணிகளுக்கான கையேடு ஒன்றைப் புரட்டிப் பார்த்து, அதில் சொன்னபடி அளவெடுத்தாராம். கம்பெனிக்காரர்கள் வெடிமருந்து வைத்துச் சுவர்களைத் தகர்த்திருந்தார்கள். தங்கம் கிடைக்கவில்லை. இதுதான் கடைசி இன்காக்களின் தலைநகரம் என்று பெருவின் அறிஞர்கள் சொன்னதைப் பிங்காம் நம்பவில்லை. அந்தச் சந்தேகம்தான் அவரை 1911இல் திரும்பக் கூட்டிவந்து, ஜூலை 24ஆம் தேதி மச்சு பிச்சுவில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கேயும் அவருக்கு முன்னால் குடியானவர்கள் பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை. அந்தக் கடைசித் தலைநகரமான உண்மையான வில்கபாம்பா, எஸ்பிரித்து பாம்பா என்ற அடர்காட்டில் கிடப்பது பல வருஷம் கழித்துத்தான் உறுதியானது. ஆகவே மச்சு பிச்சுவின் புகழுக்கு ஒரு விதத்தில் சோக்கெகிராவ்தான் பிள்ளையார் சுழி. புகழ் எல்லாம் அக்காவுக்கே போய்விட்டது.

இப்போது இருப்பது இரும்பு வடத்தில் தொங்கும் நடைபாலம். இதற்கு முன்பிருந்த பாலம் 2010களின் தொடக்கத்தில் கெட்டுப்போய், கொஞ்ச காலம் கம்பியில் தொங்கும் கூண்டில் ஆட்களை இழுத்துக் கடத்தினார்கள். கழுதைகளை என்ன செய்தீர்கள் என்று ஆரியேரோவிடம் கேட்டேன். இந்தக் கரைக் கழுதை இந்தக் கரையிலேயே, அந்தக் கரைக் கழுதை அந்தக் கரையிலேயே, என்றார். நடுவில் சரக்கை இறக்கி, கூண்டில் ஏற்றி, மறுபடி கட்ட வேண்டும். கூலி இரண்டாகப் பிரிந்தது. வேலை மட்டும் பிரியவில்லை.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடிவதற்கு முன்பே, நெற்றி விளக்கோடு கிளம்பச் சொல்வார்கள். சொல்வதைக் கேளுங்கள். வெயில் அந்தச் சரிவில் விழுந்துவிட்டால் நிழல் கிடையாது. சாந்தா ரோசாவில் ஒரு வீட்டுக்காரர் கரும்பு வைத்திருந்தார். ஒரு காலத்தில் இங்கே கரும்பைப் பிழிந்து சாராயம் காய்ச்சி விற்றார்களாம். கன்னத்தில் கொக்கா இலையை அடக்கிக்கொண்டு ஏறினேன். நாக்கு மரத்துப்போனது உண்மை. கால் வலி குறைந்ததா என்றால், குறைந்தது என்று நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. (அந்த இலையை ஊருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். பெருவில் அது தேநீர், விமான நிலையத்தில் அது வழக்கு.)

மராம்பட்டா வந்ததும் மூச்சு விடலாம். மலைத்தோளில் சில வீடுகள், மக்காச்சோளத் தோட்டம், கோழிகள், கூடாரம் அடிக்கப் புல்தரை. சமையல்காரர் எங்களுக்கு முன்பே வந்து சூப் காய்ச்சி வைத்திருந்தார். பெருவில் எந்தச் சாப்பாடும் சூப் இல்லாமல் தொடங்காது, சோறு இல்லாமல் முடியாது. உருளைக்கிழங்கு பிறந்த நாடு. கிழங்கையும் சோற்றையும் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிடுகிறார்கள், அதைப் பார்த்துப் பெல்ஜியக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள், நாங்கள் படவில்லை. பச்சை மிளகாயும் ஒரு மணமுள்ள கீரையும் வைத்துக் கல்லில் அரைத்த துவையல் ஒன்று வந்தது. நண்பர் அதை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்து வீட்டுக்கார அம்மா இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தேநீரும் சுடச்சுடப் பாப்கார்னும். இந்த உயரத்தில், இந்தக் கால்களோடு, அதைவிடப் பெரிய விருந்து எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை சோக்கெகிராவ். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேர நடை. முதலில் எதிர்ச்சரிவில் அடுக்கு வயல்கள் தெரிகின்றன, பிறகு மரங்களுக்கு நடுவே கூரையில்லாத முக்கோணச் சுவர்கள். பெரிய சதுக்கத்தில் நாங்கள் நுழைந்தபோது புல் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பணியாளர்கள் தவிர யாரும் இல்லை. அன்று முழுக்க இன்னொரு சின்னக் குழுவைத்தான் பார்த்தோம். இதில் மூன்றில் ஒரு பங்குதான் காட்டிலிருந்து மீட்கப்பட்டிருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வழிகாட்டி ஒரு புதர்மேட்டைக் காட்டி, அதற்குள் என்ன இருக்கும் என்று கேட்டார். மண் என்றேன். கிளைகளை விலக்கினார், சுவர்.

மச்சு பிச்சு பார்த்தவர்கள் இங்கே சுவர்களைப் பார்த்து ஏமாறலாம். கத்தி நுனி நுழையாத இணைப்புகள் இங்கே இல்லை. காரணம் கல். அங்கே கிடைத்தது கருங்கல் வகை. தேய்த்துத் தேய்த்து எந்த வடிவத்துக்கும் கொண்டுவரலாம். இங்கே மலை முழுக்க அப்பிரகம் மின்னும் தகட்டுக் கல். உளி வைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். ஆகவே தகடுகளை அடுக்கி, இடையில் களிமண் வைத்து, மேலே களிமண் பூசினார்கள். ஒரு மாடத்தின் உள்மூலையில் அந்தப் பூச்சு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, வெளிறின செம்மண் நிறம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் விரல் இழுத்த தடங்கள் தெரிந்தன, மூன்று விரல், மேலிருந்து கீழாக, கடைசியில் ஒரு சின்னத் திருப்பம். இந்த ஊரில் நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். பேரரசன் பெயர் எல்லா நூலிலும் இருக்கிறது. சுவர் பூசினவருக்கு மூன்று விரல் தடம்.

தண்ணீர் மேல்சதுக்கத்துக்குக் கல்வாய்க்காலில் வந்து, அங்கிருந்து கீழே பிரிகிறது. மேலூர், கீழூர் என்று ஊரை இரண்டாகப் பிரிப்பது இன்கா வழக்கம்; இங்கேயும் அப்படித்தான். தெற்கே ஒரு குன்றின் தலையைச் சீவிச் சமமாக்கி, சுற்றிக் கல் வரம்பு வைத்திருக்கிறார்கள், சடங்கு மேடை. அதன் நடுவில் நின்று மெல்ல ஒரு சுற்றுத் திரும்பினால் பனிமலை, பள்ளத்தாக்கு, எதிர்மலை, கீழே ஆறு என்று எல்லாத் திசையும் கிடைக்கிறது. ஒரு காண்டோர் கழுகு எங்களுக்குக் கீழே பறந்துகொண்டிருந்தது; அதன் முதுகைத்தான் பார்த்தேன். இந்த இடத்தில் நின்றபோதுதான் அந்தப் பள்ளத்தாக்கு தடையாகத் தெரிவது நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், வருகிறவர்களை இரண்டு நாள் முன்பே பார்க்கும்படியாக, வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த இடம் இது.

லாமா (ஒட்டக இனத்தைச் சேர்ந்த ஆண்டிஸ் மலை விலங்கு) உருவம் பதித்த அடுக்குகள் மேற்குச் சரிவில் இருக்கின்றன. செங்குத்தான படிகளில் நெடுநேரம் இறங்க வேண்டும், இறங்கினதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும். பெல்ஜியத் தம்பதி வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்காக வருத்தப்படுகிறேன். இந்த அடுக்குகள் 2000களின் நடுவில்தான் புதரிலிருந்து வெளிப்பட்டன. கறுத்த தகட்டுக் கல் சுவர்களில் வெள்ளைப் படிகக் கல்லைப் பதித்து லாமாக்களைச் செய்திருக்கிறார்கள், இருபதுக்கும் மேல். ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்றிரண்டு, எல்லாம் ஒரே திசையில் நடக்கின்றன. பெரியது என் தோள் உயரம். சிலதின் பின்னால் குட்டி. ஓர் ஆள் உருவமும் உண்டு, மேய்ப்பவராக இருக்கலாம். மேலடுக்கு ஒன்றில் லாமா இல்லை, வளைவுவளைவான கோடு மட்டும். இன்காக்கள் சுவரில் உருவம் பதிப்பது அரிது. வடக்கே சாச்சபோயா மக்களின் கட்டடங்களில்தான் இப்படிக் கோல வேலைப்பாடு உண்டு. பேரரசு வென்ற மக்களை இடம்பெயர்த்து வேலை வாங்குவது இன்கா நடைமுறை என்பதால், அங்கிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் செய்ததாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அந்தக் கருத்து பிடித்திருக்கிறது. கால்களைப் பாருங்கள்: கல்லைச் சாய்த்து வைத்ததில் முன்னங்கால் தூக்கின நடை வந்திருக்கிறது. லாமாவை நேரில் பார்த்துப் பழகிய கை.

அன்று ராத்திரி மராம்பட்டாவில் பேச்சு டெலிஃபெரிகோவுக்குப் போனது. கேபிள் கார். 2013 வாக்கில் அறிவித்த திட்டம். பள்ளத்தாக்கைக் கால் மணி நேரத்தில் கடக்கலாம், மணிக்கு 400 பேர் வரை போகலாம் என்றார்கள். ஆறுதான் எல்லை: நடைபாதை தொடங்குவது அபூரிமாக் மாகாணத்தில், இடிபாடுகள் இருப்பது குஸ்கோ மாகாணத்தில். யார் கட்டுவது, யாருக்கு வருமானம் என்ற இழுபறியில் வருஷங்கள் ஓடின. நான் போனபோது ஒரு தூண்கூட நடப்படவில்லை.

சுற்றுலாப் பயணியாக என் கருத்து உடனே வந்துவிட்டது: வேண்டாம், கெட்டுவிடும். வீட்டுக்கார அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மூட்டுவலி. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் விடுமுறையில் ஆசையாக நடந்த அதே வழியில் அவர் இறங்கி ஏற வேண்டும், அல்லது கழுதையில் உட்கார வேண்டும். எரிவாயு சிலிண்டர் கழுதையில்தான் வருகிறது. வந்தால் வரட்டும், என்றார். ஆரியேரோ ஒத்துக்கொள்ளவில்லை. கேபிள் கார் வந்தால் ஜனங்கள் காலையில் வந்து, பார்த்துவிட்டு, மத்தியானம் போய்விடுவார்கள். யார் இங்கே தங்குவார்கள், யார் கழுதை கேட்பார்கள்? இந்த அம்மாவின் புல்தரையில் யார் கூடாரம் போடுவார்கள்? பாதையைச் சரியாக வைத்துக்கொடு, பாலத்தைப் பார்த்துக்கொள், ஒரு நர்ஸை இங்கே போடு, அது போதும் என்பது அவர் கட்சி. அம்மா சிரித்தார். நர்ஸ் எப்படி வருவாள், உன் கழுதையிலா?

வழிகாட்டி இரண்டு பக்கமும் பேசவில்லை. அவருக்கு வேறு கணக்கு இருந்தது. கேபிள் காரில் வருகிறவர்களுக்கும் வழிகாட்டி வேண்டும், ஆனால் அந்த வேலை குஸ்கோவிலிருந்து பஸ்ஸோடு வருகிறவர்களுக்குத்தான் போகும், கச்சோராக்காரர்களுக்கு வராது என்றார். மச்சு பிச்சு அடிவார ஊரில் நான் பிறகு பார்த்த ஹோட்டல் வரிசைகளை நினைத்தால் அவர் சொன்னது தப்பாகத் தெரியவில்லை. என் ஓட்டு இன்னமும் ஆரியேரோவுக்குத்தான், நர்ஸோடு சேர்த்து. ஆனால் அங்கே ஓட்டு உள்ளவர்கள் ஆற்றின் இரு கரையிலும் இருக்கிறார்கள், நான் அதில் இல்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. குஸ்கோ அலுவலகங்களில் பதிவு செய்யலாம். கச்சோராவுக்கே போய் உள்ளூர் வழிகாட்டியையும் ஆரியேரோவையும் பேசிக்கொண்டால் பணம் அவர்கள் கைக்கே போகும், கொஞ்சம் ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சைவச் சாப்பாடு கேட்டால் செய்துதருகிறார்கள். சூப்பில் கோழி எலும்பு போடாதீர்கள் என்று தனியாகச் சொல்லுங்கள், அதை அவர்கள் கறி என்று கணக்கில் எடுப்பதில்லை. முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, இரண்டு ஊன்றுகோல், சில்லறையாகப் பெரு நாட்டுப் பணம். இன்னும் நாள் இருப்பவர்கள் சோக்கெகிராவிலிருந்து திரும்பாமல் யனாமா வழியாக மலை தாண்டி மச்சு பிச்சு வரை நடக்கலாம், அது ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். உடம்பைத் தயார் செய்கிறேன் என்று மாடிப்படி ஏறிப் பழகாதீர்கள். லிஃப்டில் மேலே போய்விட்டு, இறங்கிப் பழகுங்கள்.